வேட்புமனுவுக்கு முன்பே முடிந்த தேர்தல்

எல்லைச் சாலை – 14

தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்துக் கிராமம். அங்கே அரசு நினைவிடமாகப் பராமரிக்கும் ஒரு பழைய வீடு இருக்கிறது. 1878 டிசம்பர் 10 அன்று ராஜாஜி பிறந்தது அங்கேதான். அப்பா ஊர் முன்சீப். பையன் ஓசூர் பள்ளிக்கூடத்தில் படித்தார், பிறகு பெங்களூர் சென்ட்ரல் காலேஜ், அதன் பிறகே சட்டம் படிக்கச் சென்னை. அப்போது ஓசூர் சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. ஆனாலும் மேல்படிப்பு என்றால் இந்தப் பக்கத்துக்காரர்களின் கால் முதலில் வடக்கே, பெங்களூரை நோக்கித்தான் போனது. வேலைக்கும் படிப்புக்கும் ஜூஜூவாடியையும் அத்திப்பள்ளியையும் தாண்டி பஸ்ஸில் நின்றுகொண்டே போகும் இன்றைய பிள்ளைகளுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது.

இந்த வாரம் எழுத வந்தது அவருடைய பிள்ளைப் பருவம் அல்ல. இந்தியாவின் முதல் குடியரசுத் தலைவராக வந்திருக்க வேண்டியவர் நம்ம ஊர்க்காரர், வடக்கத்திக்காரர்கள் விடவில்லை என்று இந்த வட்டாரத்தில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். முதல் பாதி ஏறக்குறைய உண்மை. இரண்டாம் பாதி நடந்ததை மிகவும் சுருக்கிவிடுகிறது. 1949இல் அந்தப் பதவிக்கு காங்கிரஸ் கட்சிக்குள் நடந்த போட்டியின் தொடக்கக் கட்டத்தைப் பார்த்தால், தெற்கு வடக்கு என்பதைவிட ஆழமான ஒரு காயம் அதில் வேலை செய்தது தெரியும்.

முதலில் விதியைச் சொல்லிவிட வேண்டும். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாக்களித்துக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை 1952இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரைக்கும் அரசியல் நிர்ணய சபை தேர்ந்தெடுக்கும் ஒருவர் அந்தப் பதவியில் இருப்பார் என்பது ஏற்பாடு. சபையில் காங்கிரஸ்காரர்களே மிகப் பெரும்பான்மை. அதனால் கட்சி யாரைக் கைகாட்டுகிறதோ அவர்தான் தலைவர். உண்மையான தேர்தல் கட்சிக்குள்தான் நடந்தாக வேண்டும். ஆனால் அதற்கென்று வாக்குச்சீட்டோ தேதியோ கிடையாது.

1949 செப்டம்பரில் ராஜாஜி டில்லியில் கவர்னர் ஜெனரலாக இருந்தார். மவுண்ட்பேட்டனுக்குப் பிறகு 1948 ஜூன் 21 முதல் அந்த மாளிகையில் இருந்தவர் அவர். நேருவுக்கு அவரையே தொடர வைக்க ஆசை. மதச்சார்பின்மையிலும் உலக விவகாரங்களிலும் இருவருடைய மனமும் ஒத்துப்போனது. இன்னொரு பக்கம் ராஜேந்திர பிரசாத். அரசியல் நிர்ணய சபையின் தலைவர், பீகாரின் பெரிய மனிதர், இந்து சட்டத் தொகுப்பு போன்ற விஷயங்களில் நேருவோடு ஒத்துப்போகாதவர்.

செப்டம்பர் 10 அன்று நேரு பிரசாத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இப்போதிருக்கும் ஏற்பாடு அப்படியே தொடர்வதுதான் பத்திரமான வழி, ராஜாஜியை இப்போது மாற்றினால் அவருடைய வேலையைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடும் என்பது அதன் சாரம். படேலோடும் பேசிவிட்டதாக அதில் எழுதியிருந்தார். மறுநாளே பிரசாத்திடமிருந்து நீண்ட பதில் போனது. வரிக்கு வரி மனவருத்தம். பதவி கிடைக்கவில்லையே என்பதைவிட, தன்னை இப்படி ஓரமாக நகர்த்துகிறார்களே என்பதுதான் அவரை அதிகம் வருத்தியிருக்க வேண்டும் என்று அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது. பதறிப்போன நேரு, முந்தைய கடிதம் முழுக்கத் தன் பொறுப்பில் எழுதியது, அதற்கும் படேலுக்கும் சம்பந்தமில்லை என்று விளக்க வேண்டி வந்தது.

ராஜாஜி தோற்றது அங்கேதான் என்பது என் எண்ணம். யாரும் இன்னும் வாய் திறந்து போட்டி என்று சொல்லவில்லை. ஆனால் விலகிக்கொள்ளும்படி நாசூக்காகக் கேட்கப்பட்ட ஒருவர், அந்தக் கடிதத்துக்குப் பிறகு விலகத் தயாராக இல்லாதவராக மாறிவிட்டார். படேலின் பெயரைக் கேட்காமல் இழுத்ததால் படேலும் கைகட்டி நின்றுகொள்ள ஒரு காரணம் கிடைத்தது.

அக்டோபரில் நேரு அமெரிக்கா புறப்பட இருந்தார். கிளம்புவதற்கு முன், அரசியல் நிர்ணய சபையின் காங்கிரஸ் உறுப்பினர்கள் கூட்டத்தில் ராஜாஜியின் பெயரை முன்வைத்தார். எதிர்ப்பு அலையாக எழுந்தது. மகாவீர் தியாகி போன்றவர்கள் நேருவின் முகத்துக்கு நேராகவே பேசினார்கள். தம் பக்கம் பேசுவார் என்று பிரதமர் எதிர்பார்த்த படேல் மௌனமாக இருந்தார். நேரு கேட்ட ஒப்புதல் அங்கே கிடைக்கவில்லை.

எதிர்த்தவர்களின் வாதம் ஒரே ஆண்டைச் சுற்றி வந்தது: 1942. அந்த ஏப்ரலில் சென்னை மாகாண காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியைக் கூட்டி, முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஒப்புக்கொள்ளலாம் என்று ராஜாஜி தீர்மானம் போட வைத்தார். அகில இந்திய காங்கிரஸ் அலகாபாத்தில் அதை நிராகரித்தது. ஜூலையில் அவர் கட்சியை விட்டே விலகினார். ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடித்தபோது அதைத் தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். நேருவும் படேலும் அகமதுநகர் கோட்டையில் அடைபட்டார்கள். பிரசாத் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பங்கிப்பூர் சிறையில் இருந்தார். காமராஜரும் 1945 வரை சிறையில்தான். ராஜாஜி வெளியே இருந்தார்.

சிறைக்குப் பயந்தவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. 1921, 1930, 1932, 1940 என்று நான்கு சுற்று சிறை கண்டவர். வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர். 1942இல் தனக்குச் சரி என்று பட்டதைத் தனியாக நின்று சொன்னதற்கு வேறு விதமான துணிச்சல் வேண்டும். பாகிஸ்தான் விஷயத்தில் அவர் சொன்னதைத்தான் 1947இல் காங்கிரஸ் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டது. ஆனால் உங்கள் மகன் சிறையில் இருந்தபோது, உங்கள் நிலம் ஜப்தியானபோது, இந்தப் போராட்டமே தப்பு என்று சொன்ன மனிதரை ஏழே ஆண்டில் நாட்டின் முதல் நாற்காலியில் உட்கார வைக்க உங்களுக்கு மனம் வருமா? அந்த உறுப்பினர்களுக்கு வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

சொந்த மாகாணத்திலும் ராஜாஜிக்கு ஒரே குரலில் ஆதரவு கிடைக்கிற நிலை இல்லை. 1940 முதல் தமிழ்நாடு காங்கிரஸின் தலைவர் காமராஜர். 1946இல் ராஜாஜிக்கு எதிராக ஒரு கோஷ்டி இயங்குவதாக காந்தியே ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார், காமராஜர் அதைத் தாங்காமல் பார்லிமெண்டரி போர்டிலிருந்து விலகினார். அப்படியும் அந்த ஆண்டு சென்னை மாகாணப் பிரதமர் (இன்று முதல்வர் என்கிறோம்) ஆனவர் ராஜாஜி அல்ல, பிரகாசம். ஆக, வடக்கத்திக்காரர்கள்மீது மட்டும் பழியைப் போடுவது நியாயமில்லை.

பிற்காலத்தில் மத்தியப் பிரதேச முதல்வரான டி.பி. மிஸ்ரா தம் நினைவுக் குறிப்பில் படேல் சொன்னதாக ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார்: மாப்பிள்ளை பல்லக்கை விட்டு ஓடிப்போகாமல் இருந்தால் கல்யாணம் நடந்துவிடும். மாப்பிள்ளை பிரசாத். நேரு மறுபடி வற்புறுத்தினால் பெரிய மனதோடு விட்டுக்கொடுத்துவிடுவாரோ என்பதுதான் படேலின் கவலை. பிரசாத் ஓடவில்லை.

1950 ஜனவரி 24 அன்று அரசியல் நிர்ணய சபை கடைசியாகக் கூடியபோது வந்திருந்தது ஒரே பெயருக்கான வேட்புமனு. முன்மொழிந்தவர் நேரு, வழிமொழிந்தவர் படேல். எதிர்த்து யாருமில்லை. இரண்டு நாள் கழித்து, தர்பார் மண்டபத்தில் இந்தியா குடியரசாகும் பிரகடனத்தை வாசித்தவர் தொரப்பள்ளிக்காரர். அதோடு அவர் வகித்த பதவியே இல்லாமல் போனது. சில நிமிடங்களில் பிரசாத் பதவியேற்றார்.

அமெரிக்காவில் கட்சி வேட்பாளர் போட்டியின் இதே தொடக்கக் கட்டம் ஊரறிய நடக்கிறது. 2020 வரை இரு பெரிய கட்சிகளிலும் முதலில் அயோவாவின் பள்ளிக்கூட அரங்குகளில் கட்சிக்காரர்கள் கூடினார்கள், அடுத்து நியூ ஹாம்ப்ஷயரில் வாக்கு. 2008 ஜனவரி 3 அன்று அயோவாவில் ஒபாமா ஜெயித்த பிறகுதான் அந்தப் போட்டியின் போக்கே மாறியது. நம்முடைய முதல் கட்டம் கடிதங்களிலும் மூடிய அறைகளிலும் நடந்தது. ஆனாலும் 1949இல் சாதாரண உறுப்பினர்களால் பிரதமரை எழுந்து நின்று எதிர்க்க முடிந்தது, அவரும் அதற்குக் கட்டுப்பட்டார். இன்று கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளர் யார் என்பதை எம்.பி.க்களே டி.வி. பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். நம் ஊர்க்காரர் தோற்ற அந்தக் கூட்டத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டாவது இதனால்தான்.

இருபது ஆண்டு கழித்து அதே போட்டி ஓசூரிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டரில் நடந்தது. 1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமானார். ஜூலையில் காங்கிரஸ் மாநாட்டுக்காகத் தலைவர்கள் பெங்களூர் லால்பாக் கண்ணாடி மாளிகையில் கூடியபோது பார்லிமெண்டரி போர்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தது. இந்திரா ஜகஜீவன்ராம் பெயரைச் சொன்னார். காமராஜர், நிஜலிங்கப்பா, மொரார்ஜி, எஸ்.கே. பாட்டீல் எல்லாரும் நீலம் சஞ்சீவ ரெட்டி பக்கம். பெரும்பான்மை வாக்கில் ரெட்டி ஜெயித்தார். இந்த முறை முதல் கட்டத்திலேயே முறையாக வாக்கெடுப்பு நடந்துவிட்டது. ரெட்டியின் வேட்புமனுவில் இந்திராவும் கையெழுத்துப் போட்டார். பிறகு மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்று கட்சிக்காரர்களிடம் சொல்லி, சுயேச்சையாக நின்ற வி.வி. கிரிக்கு வழி திறந்தார். தோற்ற பிறகு பிரசாத்தைத் தானே முன்மொழிந்த தகப்பனாரின் வழியை மகள் எடுக்கவில்லை. எனக்கு இதில் நேருதான் உயர்ந்து தெரிகிறார்.

அந்தத் தேர்தலில் ராஜாஜிக்கும் ஒரு பங்கு இருந்தது. அவர் தொடங்கிய சுதந்திராக் கட்சி, ஜனசங்கத்தோடு சேர்ந்து சி.டி. தேஷ்முக்கை நிறுத்தியது. தேஷ்முக்கின் இரண்டாம் விருப்ப வாக்குகள் ரெட்டிக்கு, அதாவது காமராஜரின் வேட்பாளருக்குப் போக வேண்டும் என்பது கணக்கு. பெரும்பாலும் போகவும் செய்தன, ஆனால் போதவில்லை. இறுதிக் கணக்கில் கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427. அந்த ஆண்டு முடிவதற்குள் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. 1971 தேர்தலில், கால் நூற்றாண்டாக எதிரெதிரே நின்ற ராஜாஜியும் காமராஜரும் தமிழ்நாட்டில் ஒரே கூட்டணியில் நின்றார்கள். அந்தக் கூட்டணியும் தோற்றது. அப்போது ராஜாஜிக்கு வயது 92.

(தொடரும்)