ஆடை அவரவர் விருப்பம்: கடல் நடுவே ஒரு வார விடுமுறை

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த ஆடைப் பாதியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, எஞ்சிய ஆட்பாதியோடு மாத்திரம் ஒரு வார காலம் கடலில் மிதந்து வரலாம் என்று அழைக்கும் விடுமுறை ஒன்று ஐரோப்பாவில் உண்டு. குரோஷியா நாட்டை அடுத்த அட்ரியாற்றிக் கடலில், இரட்டை உடல் கொண்ட பாய்க்கப்பல் ஒன்றின் அறைகளை முன்பின் அறியாத மூன்று நான்கு தம்பதிகள் பங்கிட்டுக்கொள்வர். தீவுக்குத் தீவு சென்று, நீராடியும் வெயில் காய்ந்தும் பொழுது போக்குவர். கப்பலில் இருக்கும்வரை உடுப்பதும் உடாதிருப்பதும் அவரவர் விருப்பம்.

இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பர். வேறு சிலர் நகைப்பர். ஆயினும், நம்மவர் பல்லாயிரவர் ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் குடியேறி, அந்நாட்டவரோடு ஒரே காரியாலயத்தில் பணிபுரிந்து, ஒரே மாடிவீட்டில் அயலவராய் வாழும் காலம் இது. “கோடை விடுமுறைக்கு எங்களோடு வருகிறீர்களா? கப்பலில் ஓர் அறை மீதி இருக்கிறது” என்று உடன் பணிபுரியும் ஒருவர் வெள்ளை மனத்தோடு அழைத்தால் என்ன விடை சொல்வது? கணவனுக்கு ஆசையும் மனைவிக்குக் கூச்சமும், அல்லது மனைவிக்கு ஆசையும் கணவனுக்குக் கூச்சமுமாக வந்துவிட்டால் வீட்டில் நடப்பதென்ன? சுளிப்பும் நகைப்பும் இக்கேள்விகளுக்கு விடையாகா. ஆற அமர இருந்து நிறுத்துப் பார்ப்பதே முறை.

பெயர் நம்முடையது

அக்கப்பலுக்கு மேனாட்டார் வழங்கும் பெயர் ‘கற்றமரான்’ என்பது. இது நமது கட்டுமரமே என்பதை நேயர்கள் அறிந்திருக்கக்கூடும். சோழமண்டலக் கரையில் மீனவர் மரங்களைப் பிணைத்துக் கடலோடுவதைக் குறித்து எழுதிய வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலேய மாலுமி, 1697 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பிரயாண நூலில் இப்பெயரை வழங்கியுள்ளார். ஆனால் பெயர் மட்டுமே நம்முடையது. இன்றைய கப்பலின் வடிவம் பசிபிக் சமுத்திரத் தீவினரின் இரட்டை ஓடங்களை ஒத்தது. 1876 ஆம் ஆண்டில் நதானியேல் ஹெரஷொவ் என்னும் அமெரிக்கர் இவ்வகைப் படகொன்றைச் செய்து, நியூயோர்க் ஓட்டப்போட்டி ஒன்றில் ஏனைய படகுகளை முந்தினார். தோற்றவர்கள் இது முறையான படகன்று என்று ஆட்சேபித்தனர்!

வாடகைக்கு விடப்படும் இன்றைய கற்றமரான் ஒன்றின் நீளம் ஏறக்குறைய 13 மீற்றர். அகலம் 7 மீற்றருக்குச் சற்று மேல். இரண்டு உடல்களிலுமாக நான்கு படுக்கையறைகள், நடுவே பொதுக் கூடம், சமையலிடம், முன்புறத்தில் படுத்து இளைப்பாற ஒரு வலை மேடை என்பன அமைந்திருக்கும். அகலம் மிகுதியாதலால் ஒற்றையுடற் பாய்க்கப்பலைப் போல ஒருபுறம் சாய்ந்து ஓடாது. கடற்பழக்கம் இல்லாதவர்க்கும் ஓரளவு ஆறுதல் தரும். நீருள் அமிழும் ஆழம் 1¼ மீற்றர் அளவேயாதலால், ஆழமில்லாக் குடாக்களிலும் சென்று நங்கூரமிடும்.

வழக்கம் பிறந்த வரலாறு

ஆடையின்றி ஒருங்கு கூடும் சங்கத்தை நவீன காலத்தில் முதன்முதல் நிறுவியவர் நமது அயல் நாட்டிலேயே இருந்தார் என்றால் பலர் வியப்பர். பம்பாய்க்கு அருகேயுள்ள தாணாவில் 1891 ஆம் ஆண்டில் சார்ள்ஸ் குறோபோட் என்னும் ஆங்கிலேய நீதிபதி அச்சங்கத்தைத் தொடங்கினார். அங்கத்தவர் மொத்தம் மூவரே. அதன் ஆயுளும் குறுகியதே. பின்னர் ஜேர்மனியில் இவ்வியக்கம் வேரூன்றியது. ஆலைப் புகையிலும் நெருக்கமான நகர் வீடுகளிலும் நலிந்த உடலுக்கு வெயிலும் காற்றுமே மருந்து என்ற கொள்கை அதற்கு உரமாயிற்று. ‘சுதந்திர உடற் கலாசாரம்’ என்னும் பொருள்படும் சொற்றொடரின் முதலெழுத்துக்களாகிய எப்.கே.கே. என்பது இன்றும் அந்நாட்டிலும் குரோஷியாவிலும் கடற்கரைப் பலகைகளிற் காணப்படும். 1931 ஆம் ஆண்டில் பிரான்சின் லெவான் தீவில் டூர்வில் சகோதரர் என்னும் வைத்தியர் இருவர் இத்தகையோர்க்கென ஒரு குடியேற்றத்தையே உண்டாக்கினர்.

குரோஷியாவுக்கு இவ்வழக்கின் புகழைத் தேடிக் கொடுத்தது ஓர் அரச குடும்பத்துக் கதை. 1936 ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வேட், தாம் காதலித்த சிம்ப்சன் சீமாட்டியோடு ‘நாலின்’ என்னும் உல்லாசக் கப்பலில் இக்கரையோரமாகப் பிரயாணஞ் செய்தார். ராப் தீவின் குடா ஒன்றில் இருவரும் ஆடையின்றி நீராட ஊர் அதிகாரிகள் இடங்கொடுத்தனர் என்று அத்தீவினர் இன்றும் சொல்லிக்கொள்வர். அவ்வாண்டு டிசம்பரில் மன்னர் முடி துறந்தது யாவரும் அறிந்ததே. 1961 ஆம் ஆண்டில் வ்ர்சார் என்னும் ஊரருகே ‘கொவெர்சாடா’ விடுமுறைத் தலம் திறக்கப்பட்டபின் ஜேர்மனியரும் ஒஸ்திரியரும் குடும்பங் குடும்பமாக வரலாயினர்.

இங்கே ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். இவ்வழக்கத்தைக் கைக்கொண்டோர் இதனைக் காமக் களியாட்டமாகக் கருதுவதில்லை. அவர்களுடைய சர்வதேச சம்மேளனம் 1974 ஆம் ஆண்டில் வகுத்த விளக்கமும் இயற்கையோடியைந்த வாழ்வையும், தன்மதிப்பையும், பிறர்க்குரிய மரியாதையையுமே வற்புறுத்துகின்றது. உற்றுப் பார்த்தல் அவர்களிடையே அநாகரிகம். பிறர் அமரும் ஆசனத்தில் துவாய் விரியாது உட்காருதல் பெரும் பிழை.

நன்மைகள் எவை?

நடுநிலையோடு நோக்கின் நன்மைகள் இல்லாமலில்லை. முதலாவது, வீதி வழியாகச் சென்றடைய முடியாத குடாக்கள். அக்கரையோரம் ஆயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. காலையில் கண்விழித்த இடத்திலேயே தெளிந்த நீரில் இறங்கலாம். இரண்டாவது, செலவு. முழுக் கப்பலையும் தனியொருவராய் வாடகைக்கு அமர்த்தல் செல்வர்க்கே இயலும். ஓர் அறையை மாத்திரம் பெறுதல் நடுத்தர வருமானத்தினர்க்கும் கைகூடலாம். மூன்றாவது மனத்தைச் சார்ந்தது. பிள்ளை பெற்ற வயிறும், சத்திரசிகிச்சைத் தழும்பும், முதுமைச் சுருக்கமும் சினிமாப் படங்களில் மறைக்கப்படுகின்றன. எல்லா வயதினரின் உடலையும் உள்ளபடியே கண்டபின் தம் உடலைப் பற்றிய வெட்கம் தணிந்தது என்று கூறுவோர் பலர். உத்தியோகத்தையும் அந்தஸ்தையும் அறிவிக்கும் உடுப்பு இல்லாதவிடத்து முதலாளியும் தொழிலாளியும் ஒரு நிறையே.

கரை வேறு, கப்பல் வேறு

இத்தனை நன்மையிருந்தும் தயங்க வேண்டிய காரணம் யாது? நம்மிற் பலர் அதனை ஆடையில் தேடுகின்றனர்; அது இருப்பதோ கப்பலிலே.

கடற்கரையில் மனம் ஒப்பவில்லையாயின் துவாயை உதறித் தோளிலிட்டு நடந்துவிடலாம். எவரிடமும் காரணஞ் சொல்ல வேண்டியதில்லை. கப்பலிலோ அப்படி நடந்துவிட இடமில்லை. குரோஷியாவில் இவ்வாடகைப் பிரயாணங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை தொடங்கி மறு சனிக்கிழமை முடிவன. அந்த ஏழு நாளும் 13 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமுங் கொண்ட தளமே உலகம். அறைச்சுவர்கள் மெல்லியவை, அயலறை இருமலும் கேட்கும். நன்னீர் சில நூறு லீற்றரே உண்டு. ஒருவர் நெடுநேரம் குளித்தால் மற்றவர்க்குக் குறையும். காலையுணவுக்கு நேற்றுப் பிணங்கியவரின் எதிரிலேயே அமர வேண்டும். உடுத்திருப்போர்க்கே கடினமான இவ்வாழ்க்கை, உடாதிருப்போர்க்கு இரட்டிப்புக் கடினம். உடன்வருவோருள் ஒருவர் மரியாதை தவறி நோக்கினும் பேசினும், அடுத்த துறைமுகம் வரும்வரை தப்ப வழியில்லை.

‘விருப்பம்’ என்ற சொல்லும் கப்பலில் மெலிந்துபோகும். ஏழு பேர் உடாதிருக்க ஒருவர் மாத்திரம் உடுத்திருந்தால், எவரும் ஒன்றுஞ் சொல்லாமலே அவர் அந்நியராகி விடுவார். உடுக்காதிருக்கும் உரிமைக்கு எவ்வளவு மதிப்போ, உடுத்திருக்கும் உரிமைக்கும் அவ்வளவு மதிப்பு உண்டெனில்தான் அது விருப்பம். இல்லையேல் அதுவும் ஒருவகைச் சீருடையே.

உடலும் சட்டமும்

வெயில் காயும் விஷயத்தில் கரிய மேனியர்க்குக் கவலையில்லை என்பது தவறு. கடல் நீரும் வெண்தளமும் ஒளியைத் திருப்பி வீசும். வழக்கமாக மறைந்திருக்கும் தோல் விரைவிற் கன்றும். வெயிற் பூச்சை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் நீராடியபின்னும் மீளப் பூசுதல் வேண்டும். ஓடும் பாய்க்கயிறு உராய்ந்தால் தோல் வழன்றுவிடும். கொதிக்கும் எண்ணெயருகே வெற்றுடம்பு ஆகாது. பாறைக் கரைகளிற் கடல்முள்ளிகள் மிகுதியாதலால் காலுக்கு நீர்ச்சப்பாத்து இன்றியமையாதது. ‘பூரா’ என்னும் வடகீழ்க் காற்று திடீரெனச் சீறும். அப்போது கப்பலோட்டி சொல்வதே சட்டம்.

கரையேறினாலோ நாட்டுச் சட்டம் காத்திருக்கும். ஹ்வார் நகருக்கு எதிரேயுள்ள ஜெரோலிம் என்னும் சிறு தீவு ஆடையற்ற நீராட்டுக்குப் பேர்போனது. ஆனால் அதே ஹ்வார் நகர வீதியில் நீச்சலுடையோடு நடந்தாலே தண்டம் விதிப்பர். அரை மணித்தியாலக் கடல்வழிக்குள் ஒழுங்கு தலைகீழாய் மாறிவிடும். இங்கே பழகியதை இலங்கைக் கரையிற் செய்யலாம் என்று எண்ணுதலும் கூடாது. நம் நாட்டுச் சட்டம் அதற்கு இடங்கொடாது.

முன்கூட்டிக் கேட்க வேண்டியவை

பணஞ் செலுத்துமுன் சில கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெறுதல் நலம். உடன்வருவோர் எத்தனை பேர், தம்பதிகளா, தனியாட்களா? உணவு மேசையிலும் துறைமுகத்திலும் உடுப்பு விதி என்ன? கைத்தொலைபேசியாற் படம்பிடித்தல் முற்றாகத் தடுக்கப்பட்டுள்ளதா? ஒரு கணத்தில் எடுத்த படம் உலகெங்கும் பரவிவிடும் காலத்தில், இது ஒன்றே பிரயாணத்தைத் தீர்மானிக்கப் போதுமான கேள்வி. மதுபானத்துக்கு வரம்பு உண்டா? விதி மீறியவரைக் கப்பலோட்டி கரையில் இறக்கிவிடுவாரா? நடுவில் விலகுவோர்க்குப் பணம் திரும்புமா? எரிபொருள், துறைமுகக் கட்டணம், கப்பலோட்டியின் உணவு ஆகியன வாடகைக்குள் அடங்குமா, புறம்பா? இவற்றுக்கு நேரான விடை தராதவரோடு கடலேறுதல் தகாது. பிள்ளைகளையோ, அந்நியரோடு இப்படிப் பூட்டிவைத்தாற்போன்ற பிரயாணத்திற் சேர்க்கவே வேண்டாம்.

இருவர் மனமும் ஒன்றா?

வெளியார் விடைகள் அனைத்தும் திருப்தியாயினும், வீட்டு விடை ஒன்று மிஞ்சும். நம் குடும்பங்களில் “உங்கள் விருப்பம்” என்ற சொல் சம்மதத்தையும் குறிக்கும், சலிப்பையும் குறிக்கும். கணவன் மனங்கோணுவான் என்று அஞ்சி மனைவி மௌனமாயிருப்பதும், பழமைவாதி என்று பெயரெடுக்க விரும்பாமற் கணவன் தலையசைப்பதும் சம்மதமாகா. ஆண்டு முழுதும் உழைத்துச் சேர்த்த விடுமுறையை ஒருவர் மகிழ மற்றவர் பொறுக்கக் கழித்தால், வெயிற்கன்றல் ஆறிய பின்னும் மனக்கன்றல் ஆறாது.

“ஆழமறியாமற் காலை இடாதே” என்பது பழமொழி. ஆசையுடையோர் முதலிற் கரையிலே பரீட்சிக்கட்டும். ஹ்வார் துறையிலிருந்து படகேறி ஜெரோலிம் தீவில் ஒரு பிற்பகல் இருந்து பார்க்கலாம். முதல் அரை மணித்தியாலம் உடுத்தபடியே இருந்தாலும் குற்றமில்லை. மனம் ஒவ்வாவிடில் அடுத்த படகில் திரும்பிவிடலாம். இழப்பு படகுக் கூலி மாத்திரமே. அங்கே இருவரும் இயல்பாயிருந்தால் மறு ஆண்டில் கப்பலைப் பற்றி ஆலோசிக்கலாம். அப்போதும், முன்பின் அறியாதவரோடு அறை பங்கிடுவதினும், அறிந்த நண்பர் சிலர் சேர்ந்து கப்பலை முழுதாக அமர்த்துவதே மேல்.

மறுக்க விரும்புவோர் பொய்க்காரணம் தேடவேண்டியதில்லை. “அழைத்ததற்கு மிக்க நன்றி, எங்கள் இருவருக்கும் அது இசையாது, ஊர் திரும்பியதும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்” என்றால் எந்த நல்ல நண்பரும் மனம் வருந்தார். உடையைக் களைவதற்கு மட்டுமன்று, “இல்லை” என்று இன்முகத்தோடு சொல்வதற்கும் துணிவு வேண்டும். இவ்விரண்டில் எது தம்முடைய துணிவு என்பதைக் கப்பல் நங்கூரம் எடுப்பதற்கு முன்னரே தம்பதிகள் தமக்குள் பேசித் தெளிந்துகொள்வார்களாக.