டப்பாவின் இரண்டாவது பூட்டு!

கேஸ் ரெகுலேட்டரை நாமே மாட்டுகிறோம். குக்கருக்கு வால்வு போனால் நாமே வாங்கிப் போடுகிறோம். ஆனால், ஹால் மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக் கொண்டிருக்கிறதே, அந்த ரூட்டரை மட்டும் தூசி தட்டுவதோடு சரி. கேட்டால், "அதெல்லாம் பையனுக்குத்தாங்க தெரியும்" என்போம். பையன் வேலைக்கு வெளியூர் போய்விட்டால் என்ன செய்வதாம்?

எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு அதுதான் நடந்தது. மகன் புனேயில். அக்கா வீட்டிலிருந்தே வீடியோவில் ஹிந்தி டியூஷன் எடுக்கிறார். சாயங்காலமானால் படம் அப்படியே நின்றுவிடும். சலித்துப்போய் நாலு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். இணைப்பு கொடுத்தவர்களோ, "பெரிய பிளானுக்கு மாறுங்க மேடம்" என்றார்கள். மாதாமாதம் தண்டச் செலவு! கடைசியில் மகன் போனில் சொல்லச் சொல்ல, அக்காவே ரூட்டருக்குள் நுழைந்து பார்த்தார். வீட்டில் இருப்பது இரண்டு போன், ஒரு டி.வி., ஒரு லேப்டாப். பட்டியலில் இருந்ததோ 11! இணைப்பு கொடுக்க வந்தவர், அக்காவின் போன் நம்பரையே வைஃபை பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். டியூஷன் போர்டிலேயே எழுதியிருக்கும் நம்பர் அது!

ரூட்டர் செய்வது தபால் பிரிக்கிற வேலைதான். வெளியிலிருந்து வரும் இணைப்பு ஒன்றே ஒன்று. வீட்டிலுள்ள ஒவ்வொரு போனுக்கும் டி.வி.க்கும் ஓர் உள் எண் கொடுத்து, யார் கேட்டது யாருக்குப் போகணும் என்று பிரித்துக் கொடுக்கிறது. அதனால்தான் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் அதனிடம் இருக்கிறது.

இதற்கு இரண்டு பூட்டு உண்டு சகோதரிகளே. ஒன்று, விருந்தாளி வந்ததும் கேட்கிறாரே, அந்த வைஃபை பாஸ்வேர்டு. இன்னொன்று, ரூட்டருக்கே உரியது. அது பலருக்குத் தெரிவதே இல்லை. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 192.168.1.1 என்பது போல ஓர் எண், ஒரு பெயர், பாஸ்வேர்டு. வீட்டு வைஃபையில் இருந்தபடி, போனில் இணையம் பார்க்கும் இடத்தில் அந்த எண்ணை அடித்தால் உள்ளே போகலாம். இரண்டு பாஸ்வேர்டையும் அங்கேயே மாற்றிவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓசியில் சினிமா பார்த்தால் போகட்டும். ரூட்டருக்குள்ளேயே ஒருவன் புகுந்து அமைப்பை மாற்றிவிட்டால், வங்கியின் பெயரை அடித்தாலும் அச்சு அசலாக இருக்கும் போலிப் பக்கத்துக்கு நம்மைத் திருப்பிவிட முடியும். 'இந்தப் பக்கம் பாதுகாப்பானதல்ல' என்று போன் எச்சரித்தால், தயவுசெய்து தள்ளிவிட்டு உள்ளே போகாதீர்கள். 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அவற்றைக் கொண்டே அந்த அக்டோபரில் ட்விட்டர் போன்ற பெரிய தளங்களைச் சில மணி நேரம் முடக்கினார்கள். எல்லா டப்பாவுக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்க, பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டப்படி தடை. நம் வீட்டில் நாம்தான் சட்டம் போடணும்!

வைக்கும் இடமும் முக்கியம். பீரோவுக்குப் பின்னால், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் வேண்டாம். இரும்பும் ரசமும் அலையைத் தடுக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் ஆகாது. வீட்டு நடுவில், கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். சிலர் எம்ப்ராய்டரி துணி போட்டு மூடி வைக்கிறார்கள். அழகுதான், ஆனால் டப்பா சூடேறிவிடும்.

'எல்.ஓ.எஸ்.' விளக்கு சிவப்பாக எரிந்தால் பெரும்பாலும் வெளியே கேபிளில்தான் கோளாறு. உடனே புகார் கொடுங்கள். பின்பக்கம் 'ரீசெட்' என்று ஊசி நுழையும் ஓட்டை இருக்கும், அதைக் குத்த வேண்டாம். அமைப்பெல்லாம் அழிந்து, ஆள் வந்துதான் மறுபடி போட்டுத் தரணும். மாற்றிய பாஸ்வேர்டுகளைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

- ஒரு வாசகி, ஈரோடு