டிரிப் சுவிச் இருந்தும் டீவி ஏன் எரிந்தது?



போன ஐப்பசியில் ஒரு லயத்துக்குப் போயிருந்தேன். முதல் நாள் பின்னேரம் இடி விழுந்து மூன்று காம்பராக்களில் டீவி போய்விட்டது. ஒரு அம்மா கேட்டார்: "டிரிப் சுவிச்சு இருந்துச்சே ஐயா, பொறகு எப்படிங்க எரிஞ்சிச்சு?" தவணைக்கு எடுத்த டீவி. இன்னும் ஏழு மாதக் காசு கட்ட வேண்டும்.

நியாயமான கேள்விதான். டிரிப் சுவிச் ஆளைக் காப்பாற்ற வைத்தது. கரண்ட் நம் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ நிலத்துக்குக் கசிந்தால் அது விழும். வயருக்குள்ளேயே வோல்ட் கூடி வந்தால் அதற்குத் தெரியாது. நமக்கு வருவது 230 வோல்ட். பக்கத்தில் எங்காவது மின்னல் விழுந்தாலே, கண் சிமிட்டும் நேரத்தை விடக் குறைவாக, ஆயிரக்கணக்கான வோல்ட் லைனில் பாய்ந்து வரலாம். டீவி, ரேடியோ செட், ஆம்ப் எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது நுணுக்கமான சாமான். அது தாங்காது.

ரிமோட்டில் நிறுத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சுவரில் உள்ள சுவிச்சை நிறுத்தினாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. வானத்திலிருந்து தாவி வருகிற மின்னலுக்கு சுவிச்சுக்குள் இருக்கிற சின்ன இடைவெளி ஒரு தூரமா? பிளக்கையே கழற்ற வேண்டும். டிஷ் அல்லது அன்டனா வயரையும் கழற்ற வேண்டும். இதைத்தான் நாம் மறக்கிறோம். பிளக்கைக் கழற்றிவிட்டு டிஷ் வயரை விட்டதால் செட்டைப் பறிகொடுத்தவர்களும் உண்டு.

நம் பக்கம் மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இடி அதிகம், அதுவும் பகல் திரும்பின பிறகு. அந்த நேரம் நீங்கள் கொழுந்து மலையில் நிற்பீர்கள், வீட்டில் பிள்ளைகள்தான். ஆகவே அந்த மாதங்களில் காலையில் வேலைக்குப் போகும்போதே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். இடி முழங்கத் தொடங்கிய பிறகு வயரைத் தொடவே கூடாது. டீவி போனாலும் பரவாயில்லை. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

மின்னல் மட்டுமல்ல, கரண்ட் போய் வரும்போதும் வோல்ட் ஏறி இறங்கும். 2022இல் தினமும் மணிக்கணக்கில் வெட்டினார்களே, அப்போது பட்டவர்களுக்குத் தெரியும். கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றுங்கள். வந்த பிறகு ஐந்து நிமிடம் பார்த்து மாட்டுங்கள். பல்ப் வழக்கத்தை விடப் பளீரென்று எரிந்தால் நியூட்ரல் வயர் அறுந்திருக்கலாம். உடனே மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு மின்சாரக் காரியாலயத்துக்கு அறிவியுங்கள்.

கடையில் விற்கிற மல்டி பிளக் எல்லாம் பாதுகாப்பு பிளக் அல்ல, பெரும்பாலும் வெறும் கூட்டுப் பிளக்தான். உண்மையான சேர்ஜ் புரொடெக்டர் உதவும், ஆனால் எர்த் வயர் சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் அதன் பலம் குறைந்துகொண்டே வரும். நேரே விழுகிற மின்னலுக்கு அதுவும் நிற்காது. உங்கள் காம்பராவுக்கு எர்த் இருக்கிறதா என்று லைசன்ஸ் உள்ள வயர்மேனிடம் காட்டிப் பார்த்த பிறகு அதற்குக் காசு செலவழியுங்கள்.