மியூவான் இலக்கின் ஆயுள்: நிலைத்த இலக்கிலிருந்து சுழல் இலக்கு வரை

திறவுச்சொற்கள்: மியூவான், புரோட்டான் கற்றை, கிராஃபைட், கதிர்வீச்சுச் சேதம், சுழல் இலக்கு

மியூவான், எலக்ட்ரானைப் போல ஏறத்தாழ 207 மடங்கு நிறையுடைய நிலையற்ற துகள். அதன் சராசரி வாழ்நாள் 2.2 மைக்ரோ நொடி. ஆகவே ஆய்வுக்கு வேண்டும்போதெல்லாம் அதனைப் புதிதாக ஆக்கிக்கொள்ள வேண்டியுள்ளது. முடுக்கியிலிருந்து வரும் புரோட்டான் கற்றை ஒரு திண்மப்பொருளின் அணுக்கருக்களில் மோதும்போது பையான்கள் பிறக்கின்றன. அவை சிதைந்து மியூவான்களாகின்றன. மோதலுக்கு உள்ளாகும் அப்பொருளே இலக்கு. கற்றையின் திறன் கூடினால் மியூவான்கள் பெருகும். இலக்கின் ஆயுளோ குறையும். இம்முரண் எவ்வாறு கையாளப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இலக்கிற்குப் பெரும்பாலும் கிராஃபைட்டே தேர்ந்தெடுக்கப்படுகிறது. அது மிகு வெப்பத்திலும் உருகுவதில்லை. திடீர் வெப்ப மாற்றத்தையும் தாங்கும். ஆயினும் அதன் ஆயுளை வெப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை. புரோட்டான்கள் கார்பன் அணுக்களை அவற்றின் இடத்திலிருந்து பெயர்க்கின்றன. இதனால் வெப்பக் கடத்துதிறன் வீழ்கிறது, பரிமாணங்கள் மாறுகின்றன, உட்தகைவு மிகுந்து விரிசல் தோன்றக்கூடும்.

ஜப்பானின் டோக்காயில் உள்ள ஜே-பார்க் இதற்குத் தக்க சான்று. அங்கு 2008 முதல் 20 மி.மீ. தடிமனுள்ள நிலைத்த கிராஃபைட் இலக்கு பயன்பட்டது. அதனைச் சூழ்ந்த செப்புச் சட்டத்தின் வழியே நீர் வெப்பத்தை அகற்றியது. ஆனால் கற்றை எப்போதும் ஒரே இடத்தில் விழுந்தமையால் சேதமும் அங்கேயே குவிந்தது. 2014இல் சுழலும் கிராஃபைட் வட்டு நிறுவப்பட்டது. நொடிக்கு 25 துடிப்புகளாகக் கற்றை வருகிறது. வட்டு நிமிடத்திற்கு 15 முறை சுழல்கிறது. எனவே ஒரு சுற்றில் 100 துடிப்புகள் வட்டின் சுற்றளவெங்கும் பகிரப்படுகின்றன. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனம் இம்முறையை முன்னரே கையாண்டு வந்தது.

சுழலும் வட்டைத் தொட்டுக் குளிர்விப்பது எளிதன்று. அதன் வெப்பம் கதிர்வீச்சாக வெளியேறி, சுற்றியுள்ள நீர்க்குளிர்விப்பு உறையைச் சேர்கிறது. வெப்பநிலையின் நான்காம் அடுக்கிற்கேற்பக் கதிர்வீச்சு மிகுவதால், சூடான கிராஃபைட்டிற்கு இவ்வழி நன்கு பொருந்துகிறது.

எனினும் சிக்கல் தீரவில்லை, இடம் மாறியது. கிராஃபைட் நீடித்தபோது, அதனைச் சுழற்றும் பேரிங்கே இலக்கின் ஆயுளை வரையறுக்கும் உறுப்பாயிற்று. கதிர்வீச்சில் எண்ணெயும் கிரீசும் சிதைந்துவிடும். வெற்றிடத்தில் ஆவியாகிக் கற்றைக்குழாயை மாசுபடுத்தவும் கூடும். ஆகவே ஜே-பார்க்கில் டங்ஸ்டன் டைசல்பைடு என்னும் திட மசகுப்பொருள் பயன்படுத்தப்படுகிறது. கதிரியக்கம் ஏறிய இலக்கை மனிதர் அணுகிப் பழுதுபார்க்க முடியாது. தொலையியக்கக் கருவிகளால் முழுத்தொகுதியையே மாற்ற வேண்டும். எனவே சுழற்சிக்குத் தேவைப்படும் முறுக்குவிசையின் ஏற்றஇறக்கம், பேரிங்கின் தேய்மானத்தை முன்கூட்டியே உணர்த்தும் குறியாகக் கண்காணிக்கப்படுகிறது.