ஒரு கதவு அடைபட்டால் மற்றக் கதவுகளும் அடைபடுமா?

மார்கழி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், தமிழ்ப் பாடசாலை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு தாய் தயங்கியபடி வந்து நின்றார். அவருடைய மகள் ஆறு வயதில் என்னிடம் 'அ' எழுதப் பழகியவள். இப்போது பதினேழு வயது. இங்கிலாந்தின் நான்கு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அந்த வியாழக்கிழமை முதலாவது மறுப்பு வந்துவிட்டது.

"மாஸ்ரர், ஒண்டு இல்லையெண்டு சொல்லிப்போட்டுது. இனி மற்றதுகளும் அப்படித்தானே சொல்லும்?"

அதைவிடப் பெரிய சங்கதி பின்னால் வந்தது. இன்னொரு பல்கலைக்கழகம் நேர்முகத்துக்கு அழைத்து அனுப்பிய மின்னஞ்சல் இரண்டு நாட்களாகப் பதிலின்றிக் கிடக்கிறது. நாளும் நேரமும் தெரிவுசெய்து உறுதிப்படுத்த வேண்டும். பிள்ளை தொடவில்லை. "அங்கையும் போய் ஏன் அவமானப்படுவான் எண்டு தகப்பன் சொல்லுறார்" என்றார் தாய்.

"அப்படியில்லைத் தங்கச்சி, இண்டைக்கே பதில் போடச் சொல்லுங்கோ" என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் பேருந்தில் வீடு திரும்பும்போது, நான் சொன்னது பாதி விடைதான் என்று பட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். இந்த மாதங்களில் இதே கேள்வியோடு பல வீடுகள் உறக்கமின்றி இருக்கும் என்பதை நான் அறிவேன்.

இவ்வெண்ணம் எம்மவரிடம் எங்கிருந்து வந்தது என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. எமது நாட்டில் பல்கலைக்கழக அனுமதியை மத்தியில் உள்ள ஓர் அமைப்பே தீர்மானிக்கிறது. 1978இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நாடு முழுவதற்கும் தெரிவை நடத்துகிறது. 1970களின் முற்பகுதியில் தரப்படுத்தல் வந்தது. பின் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. 2001 முதல் இசட் புள்ளி வந்தது. கணக்கிடும் முறை மாறியதே தவிர, வெட்டுப்புள்ளி என்னும் கோடு மாறவில்லை. கோட்டுக்கு மேலே நின்றவன் உள்ளே, கீழே நின்றவன் வெளியே. பேராதனையில் இடம் கிடையாத ஒருவனை யாழ்ப்பாணம் தனியே அழைத்துப் பேசிப் பார்த்து மருத்துவ பீடத்தில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அங்கில்லை. ஆகவே அங்கு ஒரு மறுப்பு என்பது முழு மறுப்பே. நானும் முதல் தடவை அக்கோட்டுக்குக் கீழே நின்றவன். என் தந்தையார் மூன்று நாட்கள் என்னோடு பேசவில்லை. இரண்டாம் தடவை எழுதித்தான் கலைப் பீடத்துக்குள் நுழைந்தேன். அந்தப் பழைய அச்சத்தையும் நாம் பெட்டியோடு கொண்டுவந்திருக்கிறோம் போலும்.

இங்கே ஏற்பாடு வேறு. 1993இல் இரு அமைப்புகளை இணைத்து உருவாக்கப்பட்ட யூகாஸ் விண்ணப்பங்களைப் பெற்றுப் பகிர்ந்தளிக்கும் ஒரு தபாலகம் போன்றது. அது எவரையும் தெரிவு செய்வதில்லை. மாணவர் ஒருவர் ஐந்து தெரிவுகளைக் குறிப்பிடலாம். மருத்துவமாயின் நான்கு மட்டுமே. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விதிப்படி தனியே முடிவெடுக்கிறது. அவ்வாறு முடிவெடுக்கும் வேளையில், அம்மாணவர் வேறு எங்கே விண்ணப்பித்தார் என்பதையோ, அங்கே என்ன பதில் கிடைத்தது என்பதையோ யூகாஸ் அதற்குக் காட்டுவதில்லை. முதலாவது கதவில் நடந்ததை இரண்டாவது கதவு அறியாது.

இது பாதி விடை. மறு பாதி இது: கதவுகள் வேறாயினும் அவற்றின் முன் வைக்கப்படும் தாள்கள் ஒன்றே. அதே தன்விளக்கக் கூற்று, அதே ஆசிரியர் பரிந்துரை, அதே எதிர்பார்ப்புப் பெறுபேறு. தாளில் உள்ள குறை ஐந்து இடங்களுக்கும் ஒருங்கே போகிறது. ஆகையால், "மறுத்துவிட்டார்கள்" என்பதோடு நில்லாமல், "எதனால் மறுத்தார்கள்?" என்று கேட்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு சிறு கணக்கு. நூறு பேர் விண்ணப்பிக்கப் பத்துப் பேரை எடுக்கும் கற்கைநெறி ஒன்றை எண்ணிப் பாருங்கள். தொண்ணூறு பேருக்கு ஒரே பதில் போகிறது. அத்தொண்ணூறு பேருள் மிகத் திறமையானவர்களும் இருப்பார்கள், சாதாரணமானவர்களும் இருப்பார்கள். எனவே அந்த மறுப்பு உங்கள் பிள்ளையைப் பற்றிப் புதிதாக அதிகம் எதுவும் சொல்லவில்லை. இடம் குறைவு என்பதைத்தான் சொல்கிறது. மாறாக, நூறில் எண்பது பேரை ஏற்கும் இடம் ஒன்று மறுக்குமாயின் அன்று மாலையே உட்கார்ந்து தாள்களைப் புரட்ட வேண்டும். எம்மவர் செய்வது நேர்மாறானது. பெரிய பெயருள்ள இடம் மறுத்தால் வீடு இழவு வீடாகிறது. சிறிய இடம் மறுத்தால் "அது எங்களுக்கு வேண்டாத இடம்தானே" என்று விட்டுவிடுகிறோம்.

மருத்துவத்தில் மறுப்புக்குப் பொருள் காண்பது இன்னும் சிக்கலானது. யூகற் தேர்வுப் புள்ளி எல்லாருக்கும் ஒன்றுதான். அதனைப் பயன்படுத்தும் முறையோ இடத்துக்கு இடம் வேறு. சில கல்லூரிகள் அப்புள்ளிப்படி வரிசைப்படுத்தி மேலிருந்து நேர்முகத்துக்கு அழைக்கின்றன. சில, ஒரு தாழ்ந்த எல்லையை மட்டும் வைத்து, ஜி.சி.எஸ்.ஈ. பெறுபேறுகளுக்குக் கூடிய இடம் கொடுக்கின்றன. ஆகவே யூகற்றில் நடுத்தரமாகவும் ஜி.சி.எஸ்.ஈ.யில் சிறப்பாகவும் செய்த பிள்ளைக்கு ஓரிடத்தில் மறுப்பும் மற்றோரிடத்தில் அழைப்பும் வருவது இயல்பு. நேர்முகத்துக்கு முன் வரும் மறுப்பு, நேர்முகத்தில் எப்படிச் செய்வார் என்பதைப் பற்றி எதுவும் கூறாது. அத்தாயின் மகளுக்கு நிகழ்ந்தது இதுவே.

கேம்பிறிஜ்ஜில் ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இது நடக்கிறது. ஒரு கல்லூரி தகுதியானவர் என்று கண்டும் இடமின்மையால் எடுக்க முடியாத மாணவரை ஜனவரியில் பொதுத் தொகுதி ஒன்றில் இடுகிறது. வேறொரு கல்லூரி அங்கிருந்து தெரிவு செய்கிறது. ஆண்டுதோறும் பலர் இவ்வழியால் நுழைகிறார்கள்.

இனி, ஒரு மறுப்பை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டிய இடங்களுக்கு வருவோம். மற்ற நான்கு இடங்களும் கட்டாயமாகக் கேட்கும் பாடமொன்றைப் பிள்ளை படிக்கவில்லையாயின், மறுப்பு திரும்பத் திரும்ப வரும். எதிர்பார்ப்புப் பெறுபேற்றைப் பாடசாலை குறைத்துக் குறித்திருந்தாலும் அவ்வாறே. எம்மைப் போன்ற குடும்பங்களுக்கு மூன்றாவது ஒன்றும் உண்டு: வதிவிட வகை. அகதி அந்தஸ்துப் பெற்ற குடும்பத்துப் பிள்ளை, அவசரத்தில் அல்லது பெற்றோர் சொல்லத் தெரியாமையால், பிழையான வகையைத் தெரிவு செய்துவிடுவதுண்டு. அப்பிழையால் உள்நாட்டு மாணவர் ஒருவர் வெளிநாட்டு மாணவராகக் கணிக்கப்படலாம். மருத்துவத்தில் வெளிநாட்டு மாணவருக்குள்ள இடங்கள் மிகச் சில. பிழை ஐந்து இடங்களுக்கும் போயிருக்கும். ஆகவே முதல் மறுப்பு வந்தவுடன், விண்ணப்பத்தின் அப்பகுதியைத் திறந்து, உள்துறை அமைச்சின் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழையிருப்பின், எஞ்சிய பல்கலைக்கழகங்களுக்குப் பிள்ளையே ஆவணங்களோடு எழுதித் திருத்தம் கேட்கலாம். அகதி நிலை பற்றித் தனியாக ஒரு கேள்வியும் இப்போது விண்ணப்பத்தில் உண்டு. விரும்பினால் விடையளிக்கலாம். ஆதரவு வழங்கவே அது கேட்கப்படுகிறது. "அதைப் போடாதை, எடுக்கமாட்டினம்" என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள்.

வழக்கு இன்னும் முடியாத குடும்பங்களின் நிலை வேறு. இங்கிலாந்தில் அவர்களுக்கு மாணவர் கடன் கிடைப்பதில்லை. பெரும்பாலும் வெளிநாட்டுக் கட்டணமே கேட்கப்படும். அங்கு மறுப்பு பிள்ளையின் மூளையைப் பற்றியதன்று. சரணாலயப் பல்கலைக்கழகங்கள் என்னும் பெயரில் இயங்கும் நிறுவனங்களுட் பல, அத்தகையோருக்கென உதவித்தொகை வைத்திருக்கின்றன. இடம் கேட்கும்போதே அதையும் விசாரிக்க வேண்டும்.

காரணத்தைக் கேட்டு எழுதலாம். சில இடங்கள் விளக்கமாகச் சொல்லும், சில ஒரு வரியில் முடிக்கும். எழுத வேண்டியவர் பிள்ளை. விண்ணப்பத்தில் பெயர் குறிக்கப்படாத தந்தை தொலைபேசியில் கேட்டால் பதில் சொல்லமாட்டார்கள். அதனை அவமதிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. மௌனத்தையும் மறுப்பென்று எண்ணாதீர்கள். ஜனவரி முடிவுத் திகதிக்குள் விண்ணப்பித்தவருக்கு மே நடுப்பகுதி வரை பதில் வரலாம்.

திருமண மண்டபங்களில் "எத்தனை ஒஃபர்?" என்று கேட்கும் உறவினருக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விடுகிறேன்.

அந்தத் தாய் சென்ற சனிக்கிழமை மீண்டும் வந்தார். பிள்ளை பதில் அனுப்பிவிட்டாள். இதற்கிடையில் இன்னொரு மறுப்பும் வந்திருக்கிறது; நான்காவது இடத்திலிருந்து இன்னும் ஒன்றுமில்லை. நேர்முகம் வருகின்ற புதன்கிழமை. வதிவிட வகை சரியாகத்தான் இருந்ததாம். தகப்பன் பெற்றோல் நிலையத்தில் அன்றைக்கு விடுமுறை கேட்டிருக்கிறார், புகையிரத நிலையம் வரைக்கும் கூட்டிச் செல்வதற்கு.