ஐ.பி.எல் ஏலத்துக்கு முன்பே உங்கள் பிள்ளையைக் கவனிப்பது யார்? ஸ்கவுட்டுகள் போடும் கணக்கு இதுதான்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேங்கிக்கால் பக்கம் போனால் இந்தக் காட்சி கண்ணில் படும். ஒரு ஸ்கூட்டர். ஓட்டுவது அப்பா, பின்னால் பையன், நடுவில் பையனைவிடப் பெரிய கிட் பேக். மைதானத்து ஓரத்தில் காத்திருக்கும் அப்பாக்களிடம் பேச்சுக் கொடுத்தால், சுற்றிச் சுற்றி ஒரே கேள்விக்குத்தான் வருவார்கள். "திருவண்ணாமலையில ஆடுற பையனை ஐ.பி.எல்-காரங்க எப்படிங்க பார்ப்பாங்க?"

நியாயமான கேள்வி. பதில் தெரியாததால்தான் சிலர் யாரோ ஒரு 'ஏஜென்ட்'டை நம்பிப் பணத்தைக் கட்டிவிட்டு நிற்கிறார்கள். அதனால் விஷயத்தை முதலிலிருந்து பார்த்துவிடுவோம்.

டிராஃப்ட், ஏலம்... என்ன வித்தியாசம்?

அமெரிக்கா, கனடாவில் நடக்கும் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்-லில் ஏலம் கிடையாது, 'டிராஃப்ட்' உண்டு. 32 அணிகள், 7 சுற்றுகள். 18 வயதை எட்டிய இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். கடந்த சீசனில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை. நம் ஊரில் பணம் பேசும் ஏலம். ஆனால் இரண்டுக்கும் முன்னால் ஒரே வேலைதான் நடக்கிறது. 'ஸ்கவுட்' எனப்படும் திறமை தேடுபவர்கள் ஊர் ஊராகப் போய் மேட்ச் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்கள்.

ஐ.பி.எல்-லிலும் ஒருமுறை டிராஃப்ட் நடந்தது தெரியுமா? 2008-ல் அண்டர்-19 வீரர்களை அப்படித்தான் பிரித்தார்கள். டெல்லி அணி தன் ஊர்ப் பையன் விராட் கோலியை விட்டுவிட்டு, வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி பெங்களூருக்குப் போனார். சேவாக், கம்பீர் என பேட்டிங் ஏற்கெனவே பலமாக இருந்த அணி அது. கோலிக்குத் திறமை இல்லை என்று அதற்கு அர்த்தமா? இல்லவே இல்லை. அந்த அணிக்கு அன்றைக்குத் தேவை வேறு, அவ்வளவுதான்.

ஸ்கவுட் எதைப் பார்க்கிறார்?

முதலில், மற்றவர்களிடம் இல்லாத ஒன்று. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த நடராஜனிடம் இருந்தது இடது கை யார்க்கர். 2015-ல் ரஞ்சியில் அறிமுகம், உடனே பந்துவீச்சு ஆக்‌ஷன் மீது புகார். அதைச் சரிசெய்துகொண்டு 2016-ல் டி.என்.பி.எல்-லில் திண்டுக்கல் அணிக்கு ஆடினார். 2017 ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம், போனது 3 கோடிக்கு!

வருண் சக்கரவர்த்தி ஆர்க்கிடெக்சர் படித்து வேலைக்கும் போனவர். 2018 டி.என்.பி.எல்-லில் மதுரை அணிக்காக அவர் வீசிய மாயச்சுழல் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அந்த வருஷம் டிசம்பர் ஏலத்தில் 8.4 கோடி. அப்போது வயது 27. 'இனிமேல் எங்க...' என்று நாம் கை கழுவிவிடும் வயது.

மலப்புரத்து ஆட்டோ ஓட்டுநரின் மகன் விக்னேஷ் புத்தூர், கேரள சீனியர் அணிக்கு ஆடாமலேயே மும்பை அணிக்குத் தேர்வானார். காரணம், அரிதான இடது கை மணிக்கட்டுச் சுழல். 2025 மார்ச்சில் சேப்பாக்கத்தில் சி.எஸ்.கே-வுக்கு எதிராக முதல் மேட்சிலேயே 3 விக்கெட்.

இரண்டாவது, ஸ்கோருக்குப் பின்னால் இருக்கும் கதை. எந்தப் பிட்ச், எதிரில் யார், சிக்ஸர் வாங்கிய பிறகு அடுத்த பந்தை எங்கே போட்டான்? பலவீனமான அணிக்கு எதிரான சதத்தைவிட, நல்ல பந்துவீச்சுக்கு எதிரான 30 ரன் அதிகம் சொல்லும்.

மூன்றாவது, இன்னும் எவ்வளவு வளர்வான் என்பது. கஷ்டமான கணிப்பு இதுதான். 1999 என்.ஹெச்.எல் டிராஃப்ட்டில் 210-வது ஆளாக எடுக்கப்பட்ட ஸ்வீடன் வீரர் ஹென்ரிக் ஜெட்டர்பெர்க், 2008-ல் பிளே-ஆஃப் சுற்றுகளின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். ஸ்கவுட்டுகளும் தப்பு செய்வார்கள்!

இங்கிருந்து பாதை எது?

மாவட்ட கிரிக்கெட் சங்கத்தின் லீக், மாவட்ட வயதுப்பிரிவு அணி, மாவட்டங்களுக்கு இடையேயான போட்டி, மாநில அணி அல்லது டி.என்.பி.எல். ஸ்கவுட்டின் கண் பெரும்பாலும் இந்தப் படிகளில்தான் இருக்கும். பெண் பிள்ளைகளுக்கும் இப்போது வாசல் திறந்திருக்கிறது. தமிழகத்தின் கமலினி, 16 வயதில் மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் 1.6 கோடிக்குத் தேர்வானார்.

வயதைக் குறைத்துச் சேர்க்கும் யோசனை வேண்டாம். அண்டர்-16 பிரிவில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிறார்கள்.

பணம் கேட்டால்?

இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கவுட்டுக்குச் சம்பளம் கொடுப்பது அணி, உங்கள் குடும்பம் அல்ல. ஏலப் பட்டியலுக்குப் பெயர்கள் மாநிலச் சங்கம் வழியாகப் போகின்றன. 'செலக்‌ஷன் உறுதி, அட்வான்ஸ் மட்டும் போடுங்க' என்று யார் சொன்னாலும், அந்த நிமிஷமே போனை வைத்துவிடுங்கள். ஆன்லைனில் பணம் போய்விட்டதா? தயங்காமல் 1930-க்கு அழையுங்கள்.

அந்தப் பணத்துக்கு நல்ல ஷூ வாங்கலாம். சத்தான சாப்பாடு கொடுக்கலாம். மேட்ச்சை போனில் வீடியோ எடுத்து வைத்தால் கோச்சுக்கு உதவும். படிப்பையும் விடவேண்டாம். வருணுக்குக் கையில் ஒரு டிகிரி இருந்தது.

இன்னொன்று. மேட்ச் முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது "எத்தனை ரன்டா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அவுட்டான பந்து எப்படி வந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பையன் யோசித்துப் பதில் சொன்னால், ஸ்கவுட் தேடுவதில் ஒன்று அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது.