நியூசிலாந்து வராத வருஷம்

"ஏன் புள்ள, பசிபிக் தீவுப் பொம்புளப் புள்ளைகள் உலகக் கிண்ணத்துக்கு வாசல் மட்டும் போய்த் திரும்பினாளுகளாம். நம்மட புள்ளைகளுக்கு ஏன் ஏலா?"

மாமி இதைக் கேட்டது கல்லடியில் அவர் வீட்டு விறாந்தையில். பேத்தி பாடசாலை உதைபந்தாட்ட அணியில் சேர்ந்த நாளிலிருந்து மாமிக்கு இந்த விளையாட்டில் திடீர் அக்கறை. பனங்கட்டியைக் கடித்துக் கடித்துப் பிளேன்ரீ குடித்துக்கொண்டு, பதில் வரும்வரை விடமாட்டேன் என்ற மாதிரி என்னைப் பார்த்தார். நடுவில் ஒரு தட்டு நிறைய அவித்த கச்சான்.

முதலில் அந்த வாசல் எது என்று சொன்னேன். உலகக் கிண்ணத்துக்கு நாடுகள் நேரே போவதில்லை. பூமியை ஆறு கண்டச் சங்கங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இத்தனை இடம் என்று பீபா ஒதுக்குகிறது. பசிபிக் தீவுகளின் சங்கம் ஓசியானியா. 1966இல் தொடங்கியது; இன்றைக்கு அதில் முழு உறுப்பினர் பதினொரு பேர். நியூசிலாந்து, பப்புவா நியூ கினி, பிஜி, சொலமன் தீவுகள், வனுவாட்டு, நியூ கலிடோனியா, டஹிட்டி, சமோவா, அமெரிக்கன் சமோவா, தொங்கா, குக் தீவுகள். குக் தீவுகளின் மொத்தச் சனத்தொகையே இருபதினாயிரத்துக்குக் கீழே. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து இலட்சத்துக்கு மேல் இருக்கிறோம். சமோவா, தொங்கா, வனுவாட்டு, டஹிட்டி என்று தனித்தனியாக எடுத்தால் ஒன்றிலும் நம்மளவு சனமில்லை.

"பிஜி எண்டா பாரதியார் பாடினதெல்லோ? கரும்புத் தோட்டம்."

அதேதான். பிஜித் தீவிலே ஹிந்து ஸ்திரீகள் என்ற தலைப்பில் அவர் எழுதியது தென்னிந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட பெண்களுக்கும் சேர்த்து. அந்தக் கூலி ஒப்பந்தத்தில் போன தமிழரின் பரம்பரை இன்னும் அங்கே இருக்கிறது. நமக்குப் பிஜி என்றால் அந்தக் கண்ணீர்தான் முதலில் ஞாபகம் வரும். 2022 யூலையில் அதே பிஜியின் தலைநகர் சுவாவில்தான் பசிபிக் பெண்களுக்கான ஓசியானியா நாடுகள் கிண்ணம் நடந்தது. மாமி கேட்ட கதையின் மையம் அந்த வருஷம்.

இந்தக் கிண்ணம் 1983இல் நியூ கலிடோனியாவின் நுமேயாவில் தொடங்கியது. முதல் இறுதியாட்டத்தில் மேலதிக நேரத்தில் அவுஸ்திரேலியாவை 3–2 என்று நியூசிலாந்து வென்றது. 1986இலும் 1989இலும் வென்றது யார் தெரியுமா? தாய்வான். ஆசியாவில் அரசியல் காரணமாக இடம் கிடைக்காததால் அவர்கள் கொஞ்சக் காலம் ஓசியானியாவில் ஆடினார்கள். அதற்கும் முன்னால், 1975இல் ஹொங்கொங்கில் நடந்த முதலாவது ஆசியப் பெண்கள் கிண்ணத்தை வென்றது நியூசிலாந்து! கண்டத்தின் எல்லைக்கோடு கடலில் போட்டதல்ல, கூட்ட மண்டபத்தில் மேசையில் போட்டது. அவுஸ்திரேலியாவும் 2006இல் ஓசியானியாவை விட்டு ஆசியாவுக்கு வந்துவிட்டது.

பிறகு நடந்தது சலிப்பூட்டும் கதை. அவுஸ்திரேலியா அல்லது நியூசிலாந்து. நியூசிலாந்து அல்லது அவுஸ்திரேலியா. 1998இல் ஒக்லாந்தில் ஒரே தொடரில் சமோவாவை நியூசிலாந்து 21–0 என்றும், அமெரிக்கன் சமோவாவை அவுஸ்திரேலியா 21–0 என்றும் வென்றன. தொண்ணூறு நிமிஷத்தில் இருபத்தொரு கோல் என்றால், கோல் காப்பாளர் வலையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுத்தே களைத்திருப்பார்.

"அப்ப அந்தப் பெரிய ஆக்களுக்கு நல்லம்தானே?"

இல்லை மாமி. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே அதுதான். தீவுகளை இப்படி அள்ளிச் சாத்திய நியூசிலாந்து 1991இல் முதல் உலகக் கிண்ணத்துக்குப் போனது. மறுகா 2007, 2011, 2015, 2019 என்று வரிசையாகப் போனது. அத்தனை தரமும் ஒரு ஆட்டத்தையும் வெல்லவில்லை. 2023 யூலை 20ஆம் திகதி ஒக்லாந்தில் நோர்வேயை 1–0 என்று வென்றதுதான் உலகக் கிண்ணத்தில் அவர்களின் முதல் வெற்றி. முப்பத்திரண்டு வருஷம்! பலமில்லாதவரை அடித்துக்கொண்டே இருந்தால், பலமானவர் வரும்போது என்ன செய்வதென்று தெரியாது. 21–0 தோற்றவருக்கு மட்டும் கேடில்லை.

2023 உலகக் கிண்ணத்தை அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து நடத்தின. நடத்துகிற நாட்டுக்கு இடம் உறுதி. அதனால் 2022இல் சுவாவுக்கு நியூசிலாந்து வரவில்லை. ஓசியானியாவுக்கு மீதியிருந்தது நேரடி இடமல்ல, கண்டங்களுக்கிடையிலான தகுதிகாண் ஆட்டத்தில் ஒரு இடம். அதற்கு ஒன்பது தீவுகள் போட்டியிட்டன.

இங்கே தட்டிலிருந்து ஒன்பது கச்சானை எடுத்து மேசையில் மூன்று வரிசையாக வைத்தேன். ஒவ்வொரு வரிசையும் ஒரு குழு. குழுவுக்குள் எல்லாரும் எல்லாரோடும் ஆட வேண்டும். மூன்று குழுக்களிலும் முதலிரண்டு இடம் பெற்ற ஆறு பேரும், மூன்றாமிடம் வந்தவர்களில் நல்ல இரண்டு பேரும் காலிறுதிக்கு. ஒன்பதில் ஒன்று மட்டும்தான் வீட்டுக்கு. மற்ற எட்டுக்கும் குறைந்தது மூன்று ஆட்டம்.

"பிறகென்னத்துக்குக் குழு? ஒரே அடியா எட்டுப் பேரைக் கூப்பிட்டிருக்கலாமே." மாமி ஒரு கச்சானை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். வெளியேறிய அணி அது.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு விமானச் செலவு கொஞ்சமல்ல. ஒரு பிள்ளையை இரண்டாயிரம் கிலோமீற்றர் கூட்டிவந்து, ஒரு ஆட்டத்தில் தோற்றதும் திருப்பி அனுப்பினால் அவள் என்ன கற்றுக்கொண்டாள்? ஓரிடத்தில் கூட்டி, இரண்டு மூன்று கிழமை வைத்து, ஆட்டத்துக்கு மேல் ஆட்டம் கொடுப்பது வசதியில்லாதவர்களின் புத்தி.

அந்தச் சுவாக் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் பிஜியை அவர்களின் சொந்த மண்ணில் 2–1 என்று பப்புவா நியூ கினி வென்றது. அது அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடக் கூடாது. பசிபிக் விளையாட்டு விழாவில் பெண்கள் உதைபந்தாட்டம் 2003இல் சேர்க்கப்பட்டது. அந்தப் பெண்கள் ஆட்டத்துக்கு அவுஸ்திரேலியாவும் வருவதில்லை, நியூசிலாந்தும் வருவதில்லை. தீவுகளுக்குள் மட்டும் போட்டி. 2003, 2007, 2011, 2015, 2019 என்று ஐந்து முறையும் தங்கம் பப்புவா நியூ கினிக்கு. 2016இல் இருபது வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக் கிண்ணத்தையே தலைநகர் போர்ட் மொரெஸ்பியில் நடத்தினார்கள். பெரிய நாடு வராத அந்தச் சின்னப் போட்டிகளில் இருபது வருஷம் தீட்டிய கத்தி அது. 2023 பெப்ரவரியில் தகுதிகாண் ஆட்டத்தில் பனாமாவிடம் 2–0 என்று தோற்றுத் திரும்பினார்கள். மாமி சொன்ன வாசல் அதுதான்.

"சரி, இப்ப நம்மட கதைக்கு வா."

நாம் ஆசியாவில் இருக்கிறோம். நாற்பத்தேழு சங்கங்கள், உலகக் கிண்ணத்தில் ஆறு இடம். கணக்குப் பார்த்தால் ஓசியானியாவைவிட நமக்குத்தான் விகிதம் நல்லம். ஆனால் அங்கே வழியில் நிற்பது ஒரே ஒரு நியூசிலாந்து. இங்கே 2011இல் உலகக் கிண்ணம் வென்ற யப்பான், 1999இல் இறுதிவரை போன சீனா, வட கொரியா, தென் கொரியா, கூடவே வந்து சேர்ந்த அவுஸ்திரேலியா. இவர்களைத் தாண்டி வா என்று நம் பிள்ளைகளிடம் சொல்வது விளையாட்டல்ல, வதை. ஆகவே நமக்குரிய சரியான கிண்ணம் தெற்காசியப் பெண்களின் சாஃப் கிண்ணம்.

2010இல் பங்களாதேஷின் கொக்ஸ் பஜாரில் அது தொடங்கியது. 2012இல் கொழும்பிலேயே நடந்தது. முதல் ஐந்து முறையும் இந்தியாதான். 2019இல் நேபாளத்தின் பிராட்நகரில் வென்ற அணியில் நம்மட மொழி பேசுகிற ஒரு பிள்ளை முன்னுக்கு நின்றாள்: கடலூர்க்காரி இந்துமதி கதிரேசன், தமிழ்நாட்டுப் பொலிஸில் உப பரிசோதகர். அரையிறுதியில் பங்களாதேஷுக்கு எதிராக இரண்டு கோல் போட்டாள்.

மாமிக்கு அந்தப் பொலிஸ் விஷயம் நன்றாகப் பிடித்துவிட்டது. பேத்திக்குச் சொல்வதற்காக இரண்டாம் முறையும் கேட்டு வைத்துக்கொண்டார்.

2022இலும் 2024இலும் கிண்ணம் பங்களாதேஷுக்குப் போனது. இரண்டு தரமும் காத்மண்டுவில், நேபாளத்தின் சனம் கத்திக்கொண்டிருக்க, நேபாளத்தையே வென்று. 2025 யூலையில் மியன்மாரை வென்று முதன்முறையாக ஆசியக் கிண்ணத்துக்கும் தகுதி பெற்றார்கள். இதன் வேரைத் தேடினால் டாக்காவுக்கல்ல, மைமன்சிங் மாவட்டத்தில் இந்திய எல்லையோரம் இருக்கிற கல்சிந்தூர் என்ற கிராமத்துக்குப் போகவேண்டும். 2011இல் ஆரம்பப் பாடசாலைச் சிறுமிகளுக்கென்று அரசாங்கம் நாடு முழுக்க ஒரு கிண்ணம் தொடங்கியது. கல்சிந்தூர் ஆரம்பப் பாடசாலை அதை வரிசையாக வென்றது. அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பலர் பின்னால் தேசிய அணிக்கு வந்தார்கள். பிள்ளைகள் பேர் வாங்கிய பிறகுதான் அந்த ஊருக்கு மின்சாரமே வந்தது.

இன்னொரு பக்கம் பூட்டானைப் பாருங்கள். 2010இல் இந்தியாவிடம் 18–0 வாங்கிய நாடு அது. 2022இல் இலங்கையை வென்று அரையிறுதிக்குப் போனது. நாமோ இதுவரை ஒரு தடவையும் சாஃப் இறுதியாட்டத்தைக் காணவில்லை. போதாததற்கு 2023 சனவரியில் நிர்வாகத் தகராறால் பீபா இலங்கையைத் தடை செய்தது. ஓகஸ்ட் வரை எந்தத் தேசிய அணியும் வெளியே ஆட முடியவில்லை. அதை வெட்கம் என்று சொல்வதைவிடப் பிள்ளைகளின் வயதைத் திருடியது என்று சொல்வேன்.

"நம்மட பொம்புளப் புள்ளைகளுக்கு உதைபந்து சரிவராது, வலைப்பந்துதான் எண்டு சொல்லுறானுகளே?"

வலைப்பந்தையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டாரையும்விட அதிக கோல் போட்டவர். 2018இலும் 2022இலும் இலங்கை ஆசியச் சம்பியன். அந்த விளையாட்டில் ஆசியாவுக்குள் சிங்கப்பூர், மலேசியா என்று நமக்குச் சமமான, கொஞ்சம் ஏறி இறங்கிய அணிகள் இருக்கின்றன. வென்றும் தோற்றும் வளர்ந்தோம். அதே வலைப்பந்தில் பிஜி, சமோவா, தொங்காப் பிள்ளைகளின் கைதான் நமக்கு மேலே. ஆக, எந்தப் பந்து என்பதில் ஒன்றுமில்லை. வருஷம் முழுக்க யாரோடு மோதுகிறோம் என்பதில்தான் எல்லாம்.

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மேசையிலிருந்த கச்சான்களை ஐந்தாகக் குறைத்தார். "நம்மட மாவட்டத்தில எத்தின கல்வி வலயம்?"

ஐந்துதான். மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா. ஐந்து வலயத்துப் பெண் பிள்ளைகளையும் ஐந்து தீவாக வைத்து, விலகல் முறை இல்லாமல், எல்லாரும் எல்லாரோடும் ஆடினால் பத்து ஆட்டம். ஒவ்வொரு வலயத்துக்கும் நாலு. இப்போது பாடசாலைப் போட்டியில் ஒரு நாள் தோற்றால் பெரும்பாலும் அந்த வருஷமே முடிந்தது. சப்பாத்தைக் கழுவிக் காயவைத்துவிட வேண்டியதுதான்.

"எங்க வைக்கிறது? வெபர் மைதானத்திலயா?"

நான் ஓம் என்றேன். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. வாகரைப் பிள்ளை விடியச் சாமம் வெளிக்கிட வேண்டும். படுவான்கரைப் பிள்ளை மண்டூரிலிருந்து பாதையேறிக் குருமண்வெளித் துறைக்கு வந்து, அதற்கு மேல் பஸ் பிடிக்க வேண்டும். ஆட்டம் முடிந்து பொழுதுபடுவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேராவிட்டால் மறுநாள் தகப்பன் அனுப்பமாட்டான். பசிபிக்காரர் செய்த மாதிரி விடுமுறையில் எல்லாரையும் ஓரிடத்தில் தங்கவைக்க வேண்டும் என்றார். தங்கவைத்தால் சோறு யார் போடுவது என்று நான் கேட்டேன். ஐந்து அணி, அணிக்குப் பதினெட்டுப் பிள்ளை, கூட வருகிற ரீச்சர்மார் என்று மாமி விரல் விட்டு எண்ணத் தொடங்கி, நூறு சாப்பாட்டுக்கு எத்தனை கிலோ அரிசி என்ற இடத்தில் நின்று, உள்ளே போய்ப் பேத்தியின் கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு வந்தார்.